பழைய குரல்களும் வேண்டாத தொனிகளும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



சென்ற தைப்பொங்கல் கழிந்த மறுகிழமை நமது செயலாளர் ஐயா அவர்கள் என்னை அழைத்து ஒரு பிஸ்கற் தகரத்தைக் கையில் வைத்தார்கள். அதனுள் 41 கசெற்றுகள் இருந்தன. பண்ணிசை வகுப்புக்கள், கந்தபுராண படனங்கள், குருபூசைச் சொற்பொழிவுகள், இன்று நம்மிடையே இல்லாத பெரியோர் சிலர் இதே மண்டபத்தில் ஆற்றிய உரைகள் என மேலட்டைகள் கூறின. "தம்பி, நீர் கணினி தெரிந்த பிள்ளை. இவற்றைக் கணினியில் ஏற்றித் தாரும். இடையிலே இரைகிற சத்தத்தையும் எடுத்துவிடும். பிறகு தகரத்தோடு எரித்துவிடலாம், நூல்நிலைய அலுமாரியில் இடம் வேண்டியிருக்கிறது" என்றார்கள்.

இட்ட கட்டளைகள் மூன்று. முதலாவதை எட்டு மாதத்திற் செய்து முடித்தேன். ஒரு மணித்தியால நாடாவை ஏற்ற ஒரு மணித்தியாலம் வேண்டும். அருகிலிருந்து கேட்கவும் வேண்டும். அதிலே பொறுமையைத் தவிர வேறு வித்தை இல்லை. இரண்டாவது கட்டளை என்னைப் பெரிதும் வருத்திற்று. அதுவே இன்றைய பேச்சின் பொருள். மூன்றாவதை நான் செய்யவில்லை. தகரம் இன்றும் என் கட்டிலின் கீழேயே இருக்கின்றது. காரணம் அறியாமற் செயற்குழு என்னைக் கோபித்தலாகாது என்பதற்காகவும் இவ்வுரைக்கு இசைந்தேன்.

இரைச்சல் என்று நாம் பொதுப்படச் சொல்வதில் இரண்டு சாதிகள் உண்டு. ஒன்று சீறல். தகரக் கூரையிற் பெய்யும் தூறல்போல எல்லா மீடிறன்களும் கலந்து கிடப்பது அது. காந்தப்பொடி பூசிய நாடாவின் இயற்கையே அத்தகையது. மற்றையது தொனி. வண்டு முரல்வதுபோல ஒரே நிலையில் நிற்பது. அதற்குச் சுருதி உண்டு. நாமும் வாயை மூடிக்கொண்டு அதனைக் கூடவே முரன்று காட்டலாம். சீறலோடு செவி சமாதானம் செய்துகொள்ளும். தொனியோடு செய்துகொள்ளாது. பேசுபவர் மூச்செடுக்க நிறுத்தும் இடந்தோறும் அது முன்னே வந்து நிற்கும்.

இந்தத் தொனி எங்கிருந்து வருகின்றது? பெரும்பாலும் சுவரிலுள்ள மின்சாரத்திலிருந்து. நம் நாட்டு வீடுகளுக்கு வருவது 230 உவோற்று ஆடலோட்டம். அது செக்கனுக்கு 50 முறை முன்னும் பின்னும் ஆடுகின்றது. அமெரிக்காவில் அவ்வாட்டம் 60. ஒலிவாங்கியின் கம்பி மின்கம்பிக்கு அருகே கிடந்தாலும், பதிவு செய்யும் கருவியின் தலை நிலைமாற்றியின் காந்தப்புலத்துக்குள் அகப்பட்டாலும், அந்த ஆட்டம் ஒலியாகி நாடாவில் ஏறிவிடும். தனியாகவும் ஏறாது. 50 இன் மடங்குகளாகிய 100, 150, 200 என்று தன் சுற்றத்தையெல்லாம் அழைத்துக்கொண்டு வரும். சிறிய ஒலிபெருக்கியில் 50 ஐ நாம் கேட்பதே அரிது. "உம்" என்று நம் காதில் விழுவது 100 உம் அதற்கு மேற்பட்ட உறவினருமே. ஆண்மகன் பேசும் குரலின் அடிச்சுரம் ஏறக்குறைய 85 இற்கும் 180 இற்கும் இடையிலும், பெண்ணினது 165 இற்கும் 255 இற்கும் இடையிலும் நிற்பதாகக் கணக்கிட்டிருக்கின்றனர். ஆகவே குரலும் இரைச்சலும் ஒரே திண்ணையில் உட்கார்ந்திருக்கின்றன. ஒன்றை மட்டும் எழுப்பி அனுப்புவது எப்படி?

இதற்கு முதலில் திண்ணையைப் பார்க்கக் கண் வேண்டும். பூரியே என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர் 1822 இல் வெப்பத்தைப்பற்றி எழுதிய நூலில், எவ்வளவு சிக்கலான அசைவையும் எளிய அலைகளாகப் பிரிக்கலாம் என்று காட்டினார். அந்தக் கணக்கைக் கணினி விரைவாகச் செய்யும் முறையைக் கூலி, ரூக்கி என்னும் இருவர் 1965 இல் வெளியிட்டனர். இவ்விரண்டின் பயனாக இன்று ஒலியை ஒரு படமாகத் திரையிற் காணலாம். இடமிருந்து வலமாகக் காலம். கீழிருந்து மேலாக மீடிறன். அப்படத்தில் மனிதக் குரல் காற்றில் அசையும் சேலையின் கரைபோல வளைந்து நெளிந்து செல்லும். மின்சார இரைச்சல் கோடு போட்ட கொப்பியின் கோடுகள்போல ஆடாமல் அசையாமற் கிடக்கும். முதன்முறை அதைக் கண்டபோது, அழிறப்பரை எடுத்து அந்தக் கோடுகளைத் தேய்த்துவிட்டால் வேலை முடிந்தது என்றே எண்ணினேன்.

எண்ணியதிற் பாதி சரி. ஆயினும் தேய்ப்பதற்கு முன்னர், கோட்டை வரைந்தவர் யார் என்று விசாரிக்க வேண்டும். நாடாவை நிறுத்திவிட்டுக் கருவியை மட்டும் ஓடவிட்டு நான் கேட்டுப் பார்த்தேன். இரைச்சல் அப்பொழுதும் இருந்தது! அப்படியாயின் அது பெரியவர் பேசிய நாளில் ஏறியதன்று. என் மேசையில் அன்று பிறந்தது. என் மடிக்கணினியின் மின்னேற்றிக்கும் கசெற் கருவிக்கும் இடையே புவித்தொடுப்பு ஒரு வளையமாகி, அதனூடே மின்னோட்டம் சுற்றிக்கொண்டிருந்திருக்கின்றது. மின்னேற்றியைக் கழற்றி மின்கலத்தில் ஓடவிட்டவுடன் இரைச்சல் போயிற்று. ஒரு சதச் செலவில்லை. அவ்வாறே, மலிவான ஒலி இணைப்பியொன்று 1000 ஹேர்ட்ஸிலும் அதன் மடங்குகளிலும் மெல்லிய விசில் ஒன்றைச் சேர்த்திருந்தது. யூ.எஸ்.பி. வழியே தரவு ஆயிரத்திலொரு செக்கனுக்கு ஒரு முறை பொதியாகச் செல்வதால் விளைவது அது. கைத்தொலைபேசியை மேசையில் வைத்திருந்த நாளொன்றில் "டிர்ர் டிர்ர்" என்று வேறொன்று. இப்படியாக முதல் ஆறு கசெற்றுகளை என் சொந்த இரைச்சலையும் சேர்த்தே ஏற்றியிருந்தேன். அவற்றை மறுபடியும் முதலிலிருந்து ஏற்றினேன். சொன்ன சொற்படி ஏற்றியவுடன் எரித்திருந்தால் என்னவாகியிருக்கும் என்பதைச் செயலாளர் ஐயா அவர்கள் தயைகூர்ந்து சிந்திக்க வேண்டும்.

இனி, நாடாவிலேயே ஏறிய இரைச்சல். அதனை நீக்குவதற்குப் பழமையும் நேர்மையும் உடைய வழி, ஒடுங்கிய வடி ஒன்றை இடுவது. 50 இல் ஒரு வெட்டு, 100 இல் ஒரு வெட்டு, 150 இல் ஒரு வெட்டு என்று, இரைச்சல் நிற்கும் இடத்தை மட்டும் கிள்ளிவிடுவது. 2000 ஆம் ஆண்டில் வெளிவந்த ஓடாசிற்றி என்னும் இலவச மென்பொருளே இதற்குப் போதும். "குரலும் அங்கேதானே நிற்கின்றது, அதையும் கிள்ளிவிடாதோ?" என்று நீங்கள் கேட்கலாம். சிறிது கிள்ளும். ஆனால் இயற்கை நமக்கு ஓர் உதவி செய்திருக்கின்றது. வீட்டுத் தொலைபேசியை நினைத்துப் பாருங்கள். அது ஏறக்குறைய 300 இலிருந்து 3400 வரையுமே கடத்தியது. தந்தையாரின் குரலின் அடிச்சுரம் 110 ஆயின் அது கம்பியிற் செல்லவே இல்லை. எனினும் மறுமுனையில் இருப்பவர் தந்தையார்தாம் என்பதில் நமக்குச் சந்தேகம் எழவில்லை. அடிச்சுரத்தின் மடங்குகள் வந்து சேர்ந்தாற் போதும். அடிச்சுரத்தை மூளை தானே நிரப்பிக்கொள்ளும். ஆதலாற் பேச்சுப் பதிவுகளில் ஒடுங்கிய வெட்டுக்களை அஞ்சாமல் இடலாம்.

அளவுக்கு மிஞ்சி ஒடுக்கவும் ஆகாது. வெட்டு ஒடுங்க ஒடுங்க அதன் அதிர்வு நீளும். வடியானது மணிபோல ஒலிக்கத் தொடங்கும். ஒரு ஹேர்ட்ஸ் அகலத்துக்கு ஒடுக்கினால் "டக்" என்ற மெய்யெழுத்தொன்றின் பின்னால் ஏறக்குறைய ஒரு செக்கன் வரையில் மெல்லிய ரீங்காரம் தொங்கும். அகலமாக வெட்டினாற் குரல் மெலியும். ஒடுக்கமாக வெட்டினால் மணியடிக்கும். நடுவே எங்கே நிற்பது என்பதைச் சூத்திரம் சொல்லாது, காதுதான் சொல்லும்.

இவ்விடத்தில் நான் செய்த பிழையொன்றை ஒளிக்காமற் கூறிவிடுகின்றேன். 41 நாடாக்களையும் இப்படித் தனித்தனியே கிள்ளிக்கொண்டிருக்கச் சோம்பல் வந்தது. அதே மென்பொருளில் இரைச்சலைக் குறைக்கும் வேறொரு பொறி உண்டு. இரைச்சல் மட்டும் உள்ள சில செக்கன்களை அதற்குக் காட்டினால், அதன் சாயலை மனத்திற் கொண்டு நாடா முழுவதிலுமிருந்து அதைக் கழித்துத் தரும். பண்ணிசை வகுப்பு நாடா ஒன்றை எடுத்தேன். பாடத் தொடங்குமுன் ஐந்து செக்கன் யாரும் வாய் திறக்கவில்லை. அந்த ஐந்து செக்கனையும் காட்டினேன். பொத்தானை அழுத்தினேன். வந்த தேவாரத்தைக் கேட்டவுடன் ஏதோ குறைகின்றது என்று தெரிந்தது; என்ன குறைகின்றது என்பது தெரியவில்லை. ஓதுவார் நிலமில்லாத இடத்திற் காலூன்றுவதுபோலப் பாடினார். மறுநாட் காலையிலேதான் புரிந்தது. அந்த ஐந்து செக்கனிலும் மௌனம் இருக்கவில்லை, சுருதிப்பெட்டி ஒலித்துக்கொண்டிருந்தது. ஆடாமல் அசையாமல் ஒரே தொனியில் நிற்பதெல்லாம் இரைச்சல் என்பது அந்தப் பொறியின் சித்தாந்தம். அந்தச் சித்தாந்தப்படி சுருதியைப்போன்ற பெரிய இரைச்சல் வேறில்லை!

திரும்பவும் மூலத்தை எடுத்துப் படத்தில் உற்று நோக்கினேன். ஓதுவார் இரண்டு கட்டைச் சுருதியிற் பாடியிருக்கின்றார். அது ஏறக்குறைய 147 ஹேர்ட்ஸ். மின்சார இரைச்சலின் மூன்றாம் மடங்கு 150. இரண்டும் மூன்றே மூன்று ஹேர்ட்ஸ் இடைவெளியில் நெருங்கி நின்று, செக்கனுக்கு மூன்று முறை உரசிக்கொண்டிருந்தன. நாடா பழுதாகி நடுங்குகின்றது என்று நாங்கள் இத்தனை காலமும் எண்ணியது இந்த உரசலையே.

நான் படித்தது மிசன் பாடசாலை என்பதை இங்குள்ள பெரியவர்கள் சிலர் அவ்வப்போது நினைவூட்டுவதுண்டு. இந்த ஒரு விடயத்தில் அது எனக்குக் கைகொடுத்தது. அங்கே காலைச் செபத்துக்கு வாசிக்கும் ஆர்மோனியத்தில் இரண்டு நாக்குகள் ஒன்றோடொன்று சற்றுப் பிணங்கியிருந்தன. நீட்டிப் பிடித்த சுரமெல்லாம் "உவ்... உவ்... உவ்" என்று நடுங்கும். எங்கள் பௌதிக ஆசிரியர் அந்த நடுக்கத்தை எண்ணச் சொல்லி, அடிப்புக்கள் என்னும் பாடத்தை நடத்தி முடித்துவிட்டார். செபத்தில் மனம் செல்லாமல் எண்ணிக்கொண்டிருந்த பாவத்துக்குத் தேவாரத்திலே பிராயச்சித்தம் கிடைத்தது என்று கொள்ளுங்கள். 147 ஐத் தொடாமல் 150 ஐ மட்டும் கிள்ளினேன். நடுக்கம் நின்றது. சுருதி நின்றவிடத்திலேயே நின்றது. சிறிது ரீங்காரம் உண்டு. பாட்டிலே அது தெரியவில்லை.

அண்மைக் காலத்தில் இன்னும் வல்ல கருவிகள் வந்துள்ளன. ஆயிரக்கணக்கான மணித்தியாலப் பேச்சைக் கேட்டுப் பழகிய செயற்கை நுண்ணறிவு, குரல் அல்லாத யாவற்றையும் நீக்கிக் குரலைக் கண்ணாடிபோலத் தருகின்றது. வியப்பாகத்தான் இருக்கின்றது. ஆனால் இரைச்சலுள் மூழ்கிப்போன எழுத்தைத் தான் பழகிய பேச்சைக்கொண்டு ஊகித்து நிரப்பவும் அது கூடும். எங்கள் ழகர ளகரத்தை எந்தப் பேச்சைக் கேட்டுப் பழகிற்றோ அறியோம். புராணத்துக்குப் பயன் சொன்னவர் சொல்லாத சொல்லை அவர் வாயில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

இதுவரை இரைச்சலைப் பகைவனாகவே பேசிவந்தேன். அதற்கு இன்னொரு முகமும் உண்டு. புராணபடன நாடா ஒன்றில் வாசித்தவரின் குரலும் பயன் சொன்னவரின் குரலும் தடித்து, மந்தமாகக் கேட்டன. வயது முதிர்ந்த காலத்துப் பதிவு என்றே எல்லோரும் எண்ணினர். படத்திற் பார்த்தால் இரைச்சற் கோடு 50 இல் இல்லை, 48.5 இல் நின்றது. நாடு முழுவதற்கும் மின்சாரம் அவ்வளவு தூரம் இறங்கி ஒரு மாலை முழுவதும் நிற்பதில்லை. இறங்கியது நாடாவின் வேகமே. கசெற் செக்கனுக்கு 4.76 சென்ரிமீற்றர் ஓடவேண்டும். பதிவு செய்த கருவி சற்று விரைந்து ஓடியிருக்கின்றது, ஆதலால் இன்று சரியான வேகத்தில் ஒலிக்கும்போது எல்லாம் தாழ்ந்து கேட்கின்றது. 50 ஐ 48.5 ஆல் வகுத்தால் 1.031. அந்த அளவுக்கு விரைவுபடுத்தினேன். இரைச்சல் 50 இல் வந்து நின்றது. அதனோடு அந்தப் பெரியவர்களும் தத்தம் குரலுக்கு மீண்டனர். அவர்களை நேரிற் கேட்டிருந்த நமது தலைவர் அவர்கள், "இப்பதான் அவரின்ரை குரல்" என்றார்கள். வெட்டியெறிய இருந்த கோடு ஓர் அளவுகோலாயிற்று. முதலில் வெட்டியிருந்தால் அளப்பதற்கு ஒன்றும் இருந்திராது.

அமெரிக்க சனாதிபதி நிக்சன் காலத்துக் கதையொன்றும் இவ்விடத்துக்குப் பொருந்தும். 1972 ஆம் ஆண்டு யூன் 20 ஆந் தேதி அவரது அலுவலகத்திற் பதிவான நாடாவொன்றில் பதினெட்டரை நிமிடப் பேச்சு அழிந்து, வெறும் மின்சார இரைச்சல் மட்டும் இருந்தது. நீதிமன்றம் சார்பில் ஆறு நிபுணர்கள் அந்த நாடாவை ஆராய்ந்தனர். இரைச்சலின் போக்கையும், அழிக்கும் தலை நாடாவில் விட்டுச்சென்ற காந்தத் தடங்களையும் கண்டு, அந்த இடம் ஒரே முறையில் அன்றிக் குறைந்தது ஐந்து தனித்தனி முறைகளிலாவது அழிக்கப்பட்டது என்று 1974 இல் அறிக்கை தந்தனர். தற்செயலான கைப்பிழை என்ற விளக்கம் அதனோடு தளர்ந்தது. இலண்டன் மாநகரப் பொலிசார் 2005 முதல் மின்வலையின் இரைச்சலையே இடைவிடாது பதிந்து வைத்திருக்கின்றனர். மின்வலை 50 இலிருந்து இம்மியளவு ஏறி இறங்கும் கோலம் எந்த நாளிலும் அப்படியே திரும்ப வருவதில்லை. ஆதலால் ஒரு பதிவு எந்நாளில் எந்நேரத்தில் எடுக்கப்பட்டது என்பதை அதன் இரைச்சலைக்கொண்டு ஒப்பிட்டுச் சொல்ல முடிகின்றது.

இனி நான் சொல்ல வந்தது, தகரத்தில் இல்லாத கசெற் ஒன்றைப் பற்றியது. அது எங்கள் வீட்டினது. என் அம்மப்பா இந்தச் சங்கத்திற் பல ஆண்டு புராணத்துக்குப் பயன் சொன்னவர் என்பது மூத்தோர் அறிந்தது. வெளிநாட்டிலிருந்த பெரிய மாமாவுக்கு 1992 இல் வீட்டார் எல்லோரும் கடிதத்துக்குப் பதிலாகக் குரலைப் பதிந்து, கிளாலிக் கடலாற் சென்ற ஒருவர் கையிற் கொடுத்து அனுப்பிய நாடா அது. பல ஆண்டு கழித்து மாமாவின் பயணப்பெட்டியில் திரும்பி வந்தது. அம்மப்பா வீட்டுச் செய்திகளைச் சொல்லி, பிறகு மகன் கேட்டிருந்தபடி கந்தபுராணத்தில் ஒரு பகுதிக்குப் பயனும் சொல்லியிருக்கின்றார். அவர் குரல் பதிந்த வேறு நாடா எங்களிடம் இல்லை. அவரது திதிக்கு அதனை ஒலிக்கச் செய்ய வேண்டும், இரைச்சலை எடுத்துத் தா என்று அம்மா கேட்டார்.

படத்தைத் திறந்தேன். கோடு 50 இலும் இல்லை, 100 இலும் இல்லை. 160 இலிருந்து 250 வரை ஏறியும் இறங்கியும், சில இடங்களில் நடுங்கியும், அலைந்துகொண்டே சென்றது. அப்படியொரு இரைச்சலை நான் கண்டதில்லை. அம்மாவிடம் கேட்டபோது, "அது சைக்கிள்" என்றார்.

இளையோருக்கு விளக்க வேண்டும். 1990 இல் யுத்தம் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றுபோயிற்று. பற்றரிகள் தடைசெய்யப்பட்ட பொருள்களுள் ஒன்று. சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, மிதிகட்டையைக் கையாற் சுழற்றி, சில்லோடு ஒட்டிய டைனமோவிலிருந்து மின்சாரம் எடுத்து றேடியோ கேட்டார்கள். டைனமோ தருவதும் ஆடலோட்டமே. இருவாயிகளால் அதனை ஒரு திசைப்படுத்தி, கொள்ளளவியொன்றால் ஓரளவு சமப்படுத்தினாலும் சிறிது அதிர்வு எஞ்சி நிற்கும். அதுதான் நாடாவில் ஏறிய தொனி. சில்லு விரைந்தால் தொனி ஏறும். கை தளர்ந்தால் இறங்கும். கை மிகத் தளர்ந்த இடங்களில் மின்னழுத்தம் போதாமல் நாடாவே மெதுவாக ஓடியிருக்கின்றது. மெதுவாகப் பதிந்ததை இன்று வழமையான வேகத்தில் ஒலிக்கச் செய்யும்போது அம்மப்பாவின் குரல் திடீரென்று கீச்சிட்டு, பிறகு தணிகின்றது. புராணபடன நாடாவிற்போல இரைச்சலை இங்கே அளவுகோலாகக் கொள்ளவும் வழியில்லை, அளவுகோலே ஆடுகின்றது.

நிலையாக நிற்கும் வெட்டு இதற்கு உதவாது. தொனியைப் பின்தொடர்ந்து செல்லும் வடி வேண்டும். ஆனாற் கீழ்ப்பகுதியிற் குரலும் தொனியும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடப்பதால் எது எதுவெனப் புலப்படவில்லை. மடங்குகளை நாடினேன். எட்டாம் மடங்கு குரல் மெலிந்திருக்கும் உயரத்திலே செல்கின்றது. அடியில் ஒரு ஹேர்ட்ஸ் அசைந்தால் அங்கே எட்டு அசையும். பேச்சின் இடைவெளிகளில் அந்த எட்டாம் கோட்டைப் பற்றிக்கொண்டு, எட்டால் வகுத்து, அடிக்கோடு எங்கே நிற்க வேண்டும் என்று செக்கனிற் பத்திலொரு பங்குக்கு ஒரு முறை கணக்கிடும் சிறிய நிரல் ஒன்றை எழுதினேன். அது தவறிய இடங்களைக் கையாலே குறித்தேன். மூன்று கிழமை சென்றது. முடிவில் தொனி போயிற்று. அம்மப்பா முற்றத்தில் அமர்ந்து பேசுவதுபோலப் பேசினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

திதியன்று ஒலிக்கச் செய்தேன். அம்மம்மா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும், "எல்லாம் நல்லாத்தான் கேக்குது. சின்னவன்ரை சைக்கிளை ஏன் எடுத்தனீ?" என்றார்.

சின்னவன் என்றது சின்ன மாமாவை. சைக்கிளைச் சுற்றியவர் அவரே. அப்பொழுது அவருக்கு 15 வயது. ஒவ்வொருவராகப் பேசி இறுதியில் அவர் பேசுவதாக இருந்ததாம். அம்மப்பாவின் பயன் நீண்டு நாடா முடிந்துவிட்டது. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது அவரும் சென்றார். மறு ஆண்டு வன்னியிலே மலேரியாக் காய்ச்சலில் இறந்தார். அவர் குரல் எந்த நாடாவிலும் இல்லை. நான் மூன்று கிழமை கண்விழித்துத் தேடித் தேடி அழித்தது ஒன்றுதான் அவரது.

நல்லகாலம், அழித்தது பிரதியையே. ஏற்றிய மூலக்கோப்பு தொடாமல் இருந்தது, கசெற்றும் இருந்தது.

ஆகவே செயற்குழுவுக்கு என் விண்ணப்பம் இது. ஒலி ஆவணக் காப்பகங்களின் அனைத்துலகச் சங்கம் தன் வழிகாட்டி நூலில், நாடாவில் உள்ளதை உள்ளவாறே, திருத்தம் எதுவுமின்றி ஏற்ற வேண்டும் என்றும், செக்கனுக்குக் குறைந்தது 48,000 மாதிரிகள் எடுக்க வேண்டும் என்றும், பேச்சுத்தானே என்று இசையிலும் குறைவாக நடத்தலாகாது என்றும் கூறுகின்றது. நான் அதைக் கைக்கொண்டு 96,000 மாதிரிகளில் ஏற்றியுள்ளேன். திருத்தாத கோப்பு ஒன்று, கேட்பதற்கென்று திருத்தியது ஒன்று, எங்கே எதை வெட்டினேன் என்று எழுதிய கொப்பி ஒன்று ஆகிய மூன்றையும் இன்று சங்கத்தில் ஒப்படைக்கின்றேன். 2005 முதல் நம்மவர் ஆவணங்களைச் சேர்த்து வைக்கும் நூலகம் நிறுவனத்துக்கும் ஒரு பிரதி கொடுக்கலாம் என்பது என் கருத்து. கசெற்றுகளை எரிக்க வேண்டாம். 41 கசெற்றுகள் அலுமாரியில் ஒரு தட்டின் பாதிக்கு மேல் வேண்டா. ஈரம் புகாத பெட்டியில், ஒலிபெருக்கியின் காந்தத்துக்கு எட்ட, நிமிர்த்தி வைத்தாற் போதும். எட்டுக் கசெற்றுகளிற் பூஞ்சணம் தொடங்கிவிட்டது. அவற்றைத் துப்புரவாக்க இரண்டு பேர் உதவிக்கு வந்தால் நன்று.

நேரமாகிவிட்டது. அம்மம்மா முன்வரிசையில் இருக்கின்றார். அவரிடம் அனுமதி பெற்றே அந்த நாடாவின் முதல் மூன்று நிமிடங்களை இப்பொழுது ஒலிக்கச் செய்கின்றேன். திருத்தாதது. முதலில் அலைந்து எழும் தொனி சின்ன மாமாவினது. அது ஒரு நிலைக்கு வரும்வரை அம்மப்பா பேசாமற் காத்திருப்பார். பிறகு தொடங்குவார்.